ஆடும் மோட்டார் சைக்கிள்: கோன் செட், போர்க், பின் சொக் – காசை எதில் முதலில் போடுவது?

திருகோணமலையில் “பைக் ஆடுது” என்று கராஜில் சொன்னால், பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது பின் சொக் இரண்டும்தான். கண்ணுக்குத் தெரிகிற சாமான், கழற்றப் பத்து நிமிடம் போதும், கடையிலும் கையோடு கிடைக்கும். ஆனால் 100 முதல் 150 சிசி வரையான வண்டிகளில், பல்சர், டிஸ்கவர், சிடி 100, ஸ்பிளெண்டர் எதுவானாலும், நேராக ஓடாமைக்குப் பின் சொக் முதற் காரணமாக இருப்பது குறைவு. வரிசைப்படி பார்த்தால் ரயர், சில்லு நேர், ஹாண்டில் கோன் செட் (ஹாண்டில் திரும்பும் இடத்திலுள்ள குண்டுகளும் வளையங்களும்), ஸ்விங் ஆர்ம் புஷ் (பின் சில்லைத் தாங்கும் கை சேசிஸோடு சேரும் இடத்துப் புஷ்) எல்லாம் அதற்கு முன்னால் நிற்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் சாமான் வாங்காமலே சரிசெய்யக்கூடியவை.

எந்த வேலை எந்த ஆட்டத்துக்கு, எதைச் செய்தால் போதும், எதைச் செய்தால் காசு வீண் என்பதுதான் இங்கே பேசப்படுவது.

ஆட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. ஹாண்டில் மட்டும் படபடவென்று விநாடிக்கு நாலு முதல் பத்துத் தடவை அடித்தால் அது ஒரு வகை. பெரும்பாலும் 50 முதல் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள், அக்சிலேற்றரை விட்டு வண்டி மெதுவாகும்போது, கைப்பிடி இலேசாக இருக்கையில் வரும். இதற்கு முன் ரயர், முன் றிம், முன் சில்லுப் பெயாரிங், கோன் செட் ஆகியவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முழு வண்டியும் இடுப்பை ஒடித்தாற்போல் மெதுவாக, விநாடிக்கு இரண்டு முதல் நாலு தடவை நெளிந்தால் அது வேறு. வேகம் கூடும்போதும், பின்னால் ஆளோ பாரமோ ஏறும்போதும், கந்தளாய்ப் பக்கத்து நீண்ட வளைவுகளிலும் இது தெரியும். இங்கே பின் ரயர், ஸ்விங் ஆர்ம் புஷ், பின் சொக், பாரம் ஏற்றிய விதம் என்று பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகையை யாரும் கோளாறாகவே எண்ணுவதில்லை. உவர்மலை ஏற்றத்திலோ சந்தைப் பக்கத்து நெரிசலிலோ 15, 20 வேகத்தில் போகையில் வண்டி ஒரு கோட்டில் நிற்காமல் இடமும் வலமுமாகத் தேடிப் போகும். ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பார். கோன் செட் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, அல்லது முன் ரயரில் காற்றுக் குறைவு என்பதே அதன் பொருள். ஆட்டம் போகட்டும் என்று நட்டை இறுக்கிக் கொடுத்த வண்டிகள் பல இந்த நிலையில்தான் ஓடுகின்றன.

ஒரே பக்கம் இழுப்பது நாலாவது. சில்லு நேரில்லை, போர்க் (முன் சில்லைப் பிடிக்கும் இரு கால்கள்) முறுகியிருக்கிறது, அல்லது விழுந்த வண்டி.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிண்ணியாப் பாலத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போவதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கிட்டத்தட்ட 400 மீற்றர் திறந்த வெளியில் குறுக்குக் காற்று அடித்தால் எந்த வண்டியும் காற்றின் பக்கம் சாய்ந்துதான் நேராகப் போக முடியும். கவனிக்க வேண்டியது வேறு: ஒரு வீச்சுக் காற்று தள்ளியபின் வண்டி ஒரே அசைவில் அடங்குகிறதா, அல்லது மூன்று நாலு தடவை நெளிந்து அடங்குகிறதா? இரண்டாவதென்றால் பின்பக்கத்தில் எங்கோ தளர்வு இருக்கிறது.

ஹாண்டில் அடிக்கத் தொடங்கினால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன் பிரேக்கையும் பிடிக்காதீர்கள். கை விறைத்தால் ஆட்டம் கூடும்; முன் பிரேக் பாரத்தை முன் சில்லில் ஏற்றி அதை இன்னும் கெடுக்கும். முழங்கால்களால் ராங்கை அணைத்து, உடம்பை முன்னே சாய்த்து, அக்சிலேற்றரை மெதுவாக விட வேண்டும். கோளாறைச் சோதிப்பதற்காகக் கையை விட்டு ஓட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. நிலாவெளி வீதி நேராக ஓடும் இடங்களில், வாகனமில்லாத நேரம் பார்த்து, பிடியை மட்டும் தளர்த்தி அக்சிலேற்றரை விட்டுப் பார்த்தாலே போதும்.

காசில்லாத வேலை: காற்று, பாரம், நேர்

பல்சர் 150க்குக் கம்பனி சொல்வது முன்னால் 25 பீ.எஸ்.ஐ., பின்னால் தனியாள் என்றால் 28, இரண்டு பேர் என்றால் 32. மற்ற வண்டிகளுக்குச் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரைப் பாருங்கள். பெற்றோல் செட்டில் “ரெண்டுக்கும் முப்பது” என்று அடிப்பது முன்னுக்குக் கூட, பின்னுக்குக் குறைவு என்று இரட்டைத் தவறாகலாம். வெயிலில் 20 கிலோமீற்றர் ஓடி வந்த சூட்டோடு அளந்தால் அளவு கூடக் காட்டும். அதை நம்பிக் காற்றைத் திறந்து விட்டால் மறுநாள் காலையில் ரயர் தளர்ந்திருக்கும். குளிர்ந்த நிலையில் மட்டும் அளக்க வேண்டும்.

ரயர் தேய்ந்த விதத்தையும் தடவிப் பாருங்கள். நேர்வீதியிலேயே ஓடிய பின் ரயர் நடுவில் தட்டையாகி, ஓரத்தில் ஒரு விளிம்பு நிற்கும். சாயும்போது அந்த விளிம்பில் வண்டி ஏறி இறங்குவதை நெளிவு என்று எண்ணிச் சொக் மாற்றுபவர்கள் உண்டு. முன் ரயரில் கட்டைகள் (வீதியில் படும் ரப்பர்த் துண்டுகள்) ஒன்றுவிட்டு ஒன்று சாய்வாகத் தேய்ந்திருந்தால் போர்க் ஒயில் செத்துவிட்டது, அல்லது றிம் நேரில்லை. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. ஐந்தாறு வருடத்துக்கு மேற்பட்ட ரயர் கட்டை இருந்தாலும் இறுகிப் போயிருக்கும். அப்படிக் கடையில் கிடப்பதை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். றிம்முக்கு அருகே ரயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிவரச் சம தூரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் ரயர் சரியாக உட்காரவில்லை. முழுக் காற்றையும் இறக்கி, சவர்க்காரத் தண்ணீர் பூசித் திரும்ப அடிக்க வேண்டும்.

ஸ்போக் சில்லு என்றால் கம்பிகளை ஸ்பனரால் தட்டிக் கேளுங்கள். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். சில்லைச் சுற்றவிட்டு, போர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி றிம்மோடு பிடித்தால், பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ 2 மி.மீ.க்கு மேல் ஓடக் கூடாது.

பாரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மீன் பெட்டி பெரும்பாலும் பின் அக்சிலுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அக்சிலுக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு கிலோவும் முன் சில்லை மேலே தூக்கும். முன்னுக்குப் பாரம் குறைந்தால் ஹாண்டில் அடிக்கும். ஐஸோடு சேர்த்து 40 கிலோ ஏற்றும் பெட்டியை 15 சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தி, கரியரோடு ஒட்டத் தாழ்த்திக் கட்டினால் வரும் மாற்றத்தை எந்தச் சொக்கும் தராது. பெட்டிக்குள் உருகிய ஐஸ் தண்ணீர் அலைந்தால் அதுவும் நெளிவுதான். அடியில் வடிகுழாய் போடுங்கள். ஹாண்டிலில் பை தொங்கவிடுவதும் இதே கணக்கில் சேரும்.

சில்லு நேருக்கு ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகளை நம்ப வேண்டாம். இரு பக்கக் கோடும் ஒத்திருக்கும் என்று உறுதியில்லை. நூல் பிடித்துப் பார்ப்பதுதான் சரி. வண்டியை நடு ஸ்ராண்டில் போட்டு, ஒரு மீன்பிடி நைலோன் நூலைப் பின் ரயரின் பின்பக்கத்தைச் சுற்றி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரு பக்கமும் முன் சில்லைத் தாண்டும்வரை இழுங்கள். நூல் பின் ரயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தொட வேண்டும். பின் ரயர் 100 மி.மீ. அகலம், முன் ரயர் 80 என்றால் முன்னால் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி இருக்கும். இடத்தில் 6, வலத்தில் 14 என்று வந்தால் செயின் அட்ஜஸ்ரரில் திருத்துங்கள். திருத்தியும் முன் சில்லு நூலுக்கு இணையாக நிற்காமல் ஒரு பக்கம் தள்ளியே நின்றால் ஸ்விங் ஆர்ம், போர்க், சேசிஸ் இவற்றில் ஒன்று வளைந்திருக்கிறது. அதற்கு மேல் வேறெந்தச் செலவும் செய்யாமல் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

கோன் செட்: இறுக்குவதா, மாற்றுவதா, ரேப்பர் போடுவதா

செலவுக்கேற்ற பலனைப் பார்த்தால் இதுதான் முதலிடம்.

சோதனை எளிது. நடு ஸ்ராண்டில் வைத்து, இன்ஜினுக்குக் கீழே கட்டை கொடுத்து முன் சில்லை நிலத்திலிருந்து தூக்குங்கள். முன்னால் குந்தியிருந்து போர்க்கின் அடிப்பாகத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால், மேலே ஹெட்டில் (கோன் செட் உட்கார்ந்திருக்கும் சேசிஸ் குழாயில்) ‘டக்’ என்று ஒரு தட்டு விரலுக்குத் தெரிந்தால் தளர்வு. பிறகு ஹாண்டிலை நேராக்கி ஒரு விரலால் மெதுவாகத் தட்டுங்கள். தானாக ஒரு பக்கத்துக்கு விழ வேண்டும். நடுவில் தயங்கி நின்றால் இறுக்கம். அதற்குமுன் கேபிள்களும் வயர்க்கட்டும் இழுத்துப் பிடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஹாண்டிலை இரண்டு விரலால் மிக மெதுவாக இடமிருந்து வலம் கொண்டுபோங்கள். சரி நடுவில் ஒரு குழிக்குள் விழுந்து எழும்புவதுபோல் இருந்தால் கோனில் பள்ளம் விழுந்துவிட்டது.

பள்ளம் விழுவதற்குக் காரணம், நேராக ஓடும்போது குண்டுகள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பது. ஒவ்வொரு கிடங்கிலும் சில்லு வாங்கும் அடி அதே புள்ளியில் விழும். அங்கிருந்த கிறீஸ் பிதுங்கிப் போகும். உலோகம் உலோகத்தில் அரைபடும். சேர்விஸில் உயர் அழுத்தத் தண்ணீரைக் ஹெட்டுக்கு நேரே பிடித்தால் மிச்சக் கிறீஸும் போய்விடும். கடற்காற்றின் உப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். கீழ்க் கோன்தான் முதலில் போகும், ஏனென்றால் பாரமும் சில்லு வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரும் அதற்கே.

பள்ளம் இல்லை, வெறும் தளர்வு மட்டுமே என்றால் இறுக்கினால் போதும். மேல் தட்டில் போர்க் பைப்பைப் பிடிக்கும் போல்ட்களைத் தளர்த்தி, நடு நட்டையும் தளர்த்துங்கள். இந்தப் போல்ட்களைத் தளர்த்தாமல் இறுக்கினால் மேல் தட்டு கீழே இறங்க முடியாது. நட் இறுகியதாகத் தோன்றும், கோன் இறுகாது. அதற்குக் கீழே வெட்டுகளோடு இருக்கும் வளைய நட்டைக் கொக்கி ஸ்பனரால் எட்டில் ஒரு சுற்று இறுக்கி, ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாக ஐந்தாறு தடவை திருப்பி, திரும்பச் சோதியுங்கள். உளியும் சுத்தியலும் வைத்து வளைய நட்டைத் தட்டுவது ஊர் வழக்கம். இரண்டு தடவையில் வெட்டு மழுங்கிவிடும், பிறகு எட்டில் ஒரு சுற்று என்ற அளவே கைக்கு வராது. கடைசியில் நடு நட்டை முழுதாக இறுக்கியபின் இன்னொரு தடவை சோதிக்க வேண்டும். அந்த நட் கோனையும் சேர்த்துக் கொஞ்சம் அமுக்கும். இறுக்குமுன் சரியாக இருந்தது இறுக்கியபின் இறுக்கமாகிவிடும்.

பள்ளம் இருந்தால் இறுக்குவது வீண். நடுவில் குண்டுகள் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும், ஹாண்டிலைத் திருப்பினால் மேலே ஏறும். நடுவில் தளர்வு போகும் அளவுக்கு இறுக்கினால் திருப்பும்போது பிடிக்கும். திருப்பும்போது இலகுவாக வைத்தால் நடுவில் தட்டும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் ஓர் அளவு கிடையாது. கோனைக் கழற்றிச் சற்றுத் திருப்பிப் போட்டு, பள்ளத்தின் இடத்தை மாற்றிக் கொடுக்கும் தந்திரம் ஒன்று உண்டு. சாமான் வரும்வரை வண்டி ஓட வேண்டும் என்றால் மட்டும் சரி.

புதுச் செட் வாங்கும்போது ஒரு சின்ன அரத்தைக் கொண்டுபோய்க் கோனின் வெளி விளிம்பில் இலேசாக இழுத்துப் பாருங்கள். நல்ல சாமானில் அரம் வழுக்கும். கடித்தால் இரும்பு மெது, வாடை மழை முடியுமுன் பள்ளம் விழும். மேல், கீழ் நாலு வளையமும் குண்டுகளும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் குண்டைப் பழைய வளையத்தில் போட்டால் இரண்டும் கெடும். ஹெட்டுக்குள் இருக்கும் வளையத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து நீண்ட கம்பியால் சுற்றிவரத் தட்டி இறக்குங்கள். புது வளையத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் ஓரிரவு வைத்தால் கொஞ்சம் சுருங்கி இலகுவாகப் போகும். பழைய வளையத்தை மேலே வைத்துச் சரிவில்லாமல் அடித்துக்கொண்டே வர, முழுதாக உட்கார்ந்ததும் சுத்தியலின் சத்தம் ‘தொப்’ என்பதிலிருந்து ‘டிங்’ என்று மாறும். மாறாவிட்டால் இன்னும் இடைவெளி இருக்கிறது. அப்படியே பூட்டினால் சில நாளில் வளையம் தானாக இறங்கி, பழைய ஆட்டம் திரும்பி வரும்.

கிறீஸுக்குச் சாதாரண லிதியம் போதும்தான். ஆனால் இங்கே அவுட்போர்ட் இன்ஜின் சாமான் விற்கும் கடைகளில் உப்புத் தண்ணீரைத் தாங்கும் மரைன் கிறீஸ் கேட்டு வாங்கலாம். கீழ்க் கோனுக்கு அதுவே மேல். இரண்டையும் கலக்காதீர்கள். பழையதை மண்ணெண்ணெயில் கழுவி, உலரவிட்டுப் பூசுங்கள்.

ரேப்பர் ரோலர் பெயாரிங் (குண்டுக்குப் பதில் சரிவான உருளைகள் உள்ளது) போடுவதா? குண்டு ஒரு புள்ளியில் தாங்கும், ரோலர் ஒரு கோட்டில் தாங்கும். அதனால் பள்ளம் விழ நாளெடுக்கும். 150 சிசியும் அதற்கு மேலும், நாளாந்தம் ஹபரணைப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ நெடுந்தூரம் ஓடும் வண்டி என்றால் கூடுதல் காசு நியாயம். ஆனால் ரேப்பர் செட்டின் மொத்த உயரம் பழைய செட்டோடு ஒத்திருக்க வேண்டும். உயரம் கூடினால் வளைய நட்டுக்குப் பிடிக்கப் புரி போதாது, மேல் தட்டும் உயர்ந்து நிற்கும். கீழே தூசு சீல் சரியாகப் பொருந்தாத செட்டும் உண்டு. மணலும் உப்பும் உள்ள ஊரில் சீல் இல்லாத ரேப்பரைவிட சீல் உள்ள குண்டு நல்லது. 100 சிசி வண்டிக்கு நல்ல குண்டுச் செட்டும் வருடம் ஒரு கிறீஸும் போதும்.

போர்க்: ஒயில், சீல், பைப்

முன் பிரேக்கைப் பிடித்து ஹாண்டிலை அமுக்கி விடுங்கள். எழும்பி ஒரு தடவையில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை குதித்தால் ஒயில் செத்துவிட்டது. எழும்பவே தயங்கினால் போர்க் முறுகியிருக்கிறது.

முறுகலுக்குச் சாமான் வேண்டாம். முன் அக்சில் நட், மட்காட் போல்ட், கீழ்த் தட்டுப் போல்ட்களைத் தளர்த்தி, சில்லை முழங்கால்களுக்கு இடையில் பிடித்து ஹாண்டிலை நேராக்குங்கள். பிறகு கீழ்த் தட்டை இறுக்கி, அக்சில் நட்டை மட்டாகப் பிடித்து, பிரேக் பிடித்தபடி நாலைந்து தடவை அமுக்கி விட்டு, அதன் பின்னரே அக்சிலையும் மட்காட்டையும் முழுதாக இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். பைப் இரண்டும் மேல் தட்டில் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வண்டியைத் தாழ்த்தி அழகு பார்க்கப் பைப்பை மேலே ஏற்றியிருந்தால் பழைய இடத்துக்கே இறக்குங்கள்; முன் தாழ்ந்தால் ஹாண்டில் சுறுசுறுப்பாகும், நேர்நிற்கும் குணம் குறையும்.

ஒயில் மாற்றுவது மலிவு, பலனும் உடனே தெரியும். சாதாரண வண்டிகளில் ஒரு காலுக்குப் பெரும்பாலும் 150 முதல் 200 மில்லி லீற்றருக்குள் வரும். சரியான அளவை அந்தந்த வண்டியின் புத்தகத்தில் பார்த்து, ஊசிச் சிறிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். ஸ்பிரிங்கை எடுத்து, பைப்பை முழுதாகக் கீழே அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஒயில் மட்டத்தைக் கம்பியால் அளந்தால் இரு காலும் ஒன்றாக இருக்க வேண்டும், 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். 10டபிள்யூ போர்க் ஒயில்தான் பெரும்பாலானவற்றுக்குப் பொருத்தம். ஆட்டம் குறையட்டும் என்று 20டபிள்யூ-40 இன்ஜின் ஒயிலை ஊற்றினால் மெதுவான ஊசல் குறையும், ஆனால் சின்னச் சின்னக் கிடங்குகளில் போர்க் போதிய வேகத்தில் அசையாது. சில்லு வீதியை விட்டுத் துள்ளும். அளவைக் கூட்டி ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, பெரிய கிடங்கில் சீல் பிதுங்கும்.

சீல் விடயத்தில் இந்த ஊருக்கே உரிய பிரச்சினை துரு. குச்சவெளி, நிலாவெளிக் கரையில் நிறுத்தும் வண்டிகளின் போர்க் பைப்பில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு விழும். நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகம் தட்டினால் புதுச் சீல் போட்டும் பயனில்லை. அந்தப் புள்ளி சீலின் உதட்டை அரிந்துவிடும். சீலுக்கு மேலே, சீல் எட்டாத உயரத்தில் துரு இருந்தால் கவலை இல்லை. 1000 அல்லது 1200 நம்பர் தண்ணீர்ப் பேப்பரால் புள்ளியின் விளிம்பை மட்டும் நீவுவது தற்காலிகத் தீர்வு, பள்ளமாகிவிட்டால் பைப்தான். கழற்றிய பைப்பைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். 0.2 மி.மீ. வளைவே பல வண்டிகளுக்கு எல்லை. வளைந்ததை அமுக்கி நிமிர்த்திப் போட்டால் அதே இடத்தில் மறுபடி வளையும்.

ஸ்பிரிங்குக்கு மேலே 10 மி.மீ. வளையம் போட்டால் ஸ்பிரிங் கடினமாகிறது என்பது தவறான எண்ணம். ஸ்பிரிங் அதேதான்; முன்பக்கம் சற்று உயர்கிறது, அவ்வளவே. நிறைய ஓடித் தாழ்ந்துபோன ஸ்பிரிங்குக்கு அது உதவும். அளவு மீறினால் வேகத்தடையில் இறங்கும்போது போர்க் முழுதாக நீண்டு ‘டங்’ என்று அடிக்கும்.

பின்பக்கம்

முதலில் ஸ்விங் ஆர்ம் புஷ். பின் சில்லைத் தூக்கி, ஒரு கையால் சேசிஸையும் மறு கையால் ஸ்விங் ஆர்மின் நுனியையும் பிடித்துப் பக்கவாட்டில் இழுங்கள். அசைவே கூடாது. அசைந்தால் சொக்கில் எவ்வளவு காசு போட்டாலும் நெளிவு போகாது. புஷ் மலிவு, கஷ்டம் ஷாப்டைக் கழற்றுவதில். உப்பில் பிடித்துப்போன ஷாப்டுக்கு முதல் நாளே துரு நீக்கி ஒயில் விட்டு, மறுநாள் நட்டை அதே புரியில் இரண்டு சுற்று விட்டு வைத்து, பித்தளைக் கட்டையால் அடியுங்கள். இரும்பால் நேரே அடித்தால் புரி கவிழும். திரும்பப் பூட்டும்போது ஷாப்ட் முழுவதும் கிறீஸ்.

பிறகுதான் சொக். அதிலும் முதலில் பிறீலோட் (சொக்கின் ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைப்பது என்பது; வளையத்தை வெட்டு வெட்டாகத் திருப்பி மாற்றுவது), சாமான் அல்ல. பின் அக்சிலுக்கு நேர் மேலே சீற் ஓரத்தில் ஓர் அடையாளம் வைத்து, நடு ஸ்ராண்டில் சில்லு தொங்கும்போது தூரத்தை அளந்து, ஓட்டுபவர் ஏறியிருக்க மறுபடி அளந்து பாருங்கள். சில்லின் மொத்த ஓட்டம் 100 மி.மீ. என்றால் 25 முதல் 33 வரை இறங்குவது சரி. 45 இறங்கினால் பின்பக்கம் தாழ்ந்து, முன் இலேசாகி, ஹெட்லைற்றும் மரத்தைப் பார்க்கும். வெட்டை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், இரு பக்கமும் ஒரே வெட்டில். இடம் 2, வலம் 4 என்று நிற்கும் வண்டிகள் அதிசயமல்ல. வளைவில் ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் போவதற்கு அதுவே போதும். ஏற்ற வேண்டிய நாளில் ஏற்றி, தனியாக ஓடும் நாளில் இறக்க வேண்டும். மீன் ஏற்றும் வண்டியில் ஐந்தாவது வெட்டிலேயே விட்டால் வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின் சில்லு துள்ளும்.

ஒயில் கசிந்த சொக்கை வெட்டி நிரப்பிக் கொடுக்கும் வேலையைச் சாதாரண ஒயில் சொக்குக்கு ஓரளவு ஏற்கலாம். காஸ் சொக்கில் வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் நைதரசன் இருக்கிறது, துளைப்பது ஆபத்து, நிரப்பிய பின் அந்த அழுத்தமும் இருக்காது. மாற்றினால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது பின்தங்க, ஸ்விங் ஆர்ம் ஒவ்வொரு கிடங்கிலும் முறுகும்.

நீளம் கூடிய சொக் போட்டுப் பின்னைத் தூக்குவது இளம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. இரு சில்லுக்கும் இடையே 1300 மி.மீ. உள்ள வண்டியில் பின்னை 23 மி.மீ. தூக்கினால் போர்க் ஒரு பாகை நிமிரும். ஹாண்டிலை நேரே இழுத்து வைக்கும் ட்ரெயில் (ஹாண்டில் அச்சுக் கோடு நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் முன் ரயர் நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்) 5, 6 மி.மீ. குறையும். 90 மி.மீ. அளவில் ட்ரெயில் உள்ள வண்டிக்கு இது சிறிய இழப்பல்ல. அதோடு தளர்ந்த கோன் செட்டும் சேர்ந்தால் 70இல் ஹாண்டில் அடிப்பது நிச்சயம்.

டியோ போன்ற ஸ்கூட்டர்களில் இன்ஜினே ஸ்விங் ஆர்ம். அதைச் சேசிஸில் தொங்கவிடும் ஹாங்கர் புஷ் ரப்பர் நைந்தால் பின்பக்கம் தனியாக ஆடும். பழைய டியோவின் முன்பக்க லிங்க் புஷ்ஷும் அப்படியே. 10 அங்குல முன் சில்லு இயல்பிலேயே சற்று அடிக்கும் என்பதால் ரயரிலும் கோன் செட்டிலும் சின்னக் குறையும் பெரிதாகத் தெரியும்.

எதைத் தேர்வது

ஹாண்டில் மட்டும் அடித்தால்: காற்று, ரயர், றிம், பிறகு கோன் செட். இதில் முடியாவிட்டால்தான் போர்க். வேகத்தில் முழு வண்டியும் நெளிந்தால்: பாரம், பின் ரயர், ஸ்விங் ஆர்ம் புஷ், பிறீலோட், சொக் கடைசி. இரண்டும் கலந்து இருந்து, ஒரு வேலைக்கு மட்டுமே காசு இருந்தால் கோன் செட்டைச் செய்யுங்கள். முன்பக்கத் தளர்வு இருக்கும்வரை பின்பக்கத்தின் குறை எது என்று கையில் பிரித்தறிய முடியாது. ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே வீதியில் அதே வேகத்தில் ஓடிப் பார்த்து அடுத்ததற்குப் போங்கள்.

ஸ்ரியரிங் டாம்பர் (ஹாண்டில் ஆட்டத்தை அடக்கும் சிறு சொக்) பூட்டச் சொல்பவர்களும் உண்டு. பெரிய, வேகமான வண்டிகளுக்கு அது தேவையான சாமான். 150 சிசியில் அது கோளாறை மூடி மறைக்கும், நெரிசலில் ஹாண்டிலைக் கனக்கச் செய்யும். தேவைப்படுவதாகத் தோன்றினால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இன்னும் பார்க்கப்படவில்லை.

புதுக் கோன் செட் போட்ட வண்டியை 300 முதல் 500 கிலோமீற்றருக்குள் கட்டாயம் ஒரு தடவை திரும்பச் சோதியுங்கள். வளையங்கள் உட்கார்ந்து சிறு தளர்வு விழும். அப்போது எட்டில் ஒரு சுற்று போதும்.